மர்ம நாவலும் மண வழக்கும்

மர்ம நாவல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? பூட்டிய அறை, இரத்தக்கறை படிந்த கத்தி, சாளரத்தருகே ஒரு காலடிச் சுவடு, இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கும் ஒரு துப்பறிவாளர். குற்றவாளி யார் என்னும் ஒரே கேள்வி முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் நம்மை இழுத்துச் செல்கிறது. இத்தகைய கதைகள் கொச்சி நகருக்குப் புதியவை அல்ல. கொச்சி அரச குடும்பத்தைச் சேர்ந்த அப்பன் தம்புரான் 1905-ஆம் ஆண்டிலேயே 'பாஸ்கர மேனோன்' என்னும் நாவலை வெளியிட்டார். மலையாளத்தின் முதல் துப்பறியும் நாவல் என்று இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் அதனைக் குறிப்பர்.

ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மர்ம நாவலிலேயே வேறொரு வகை. அதில் குற்றவாளி யாரென்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். அவன் வீட்டுத் தலைவன். ஊரார் மதிக்கும் கனவான். மாலை மாற்றி மணந்த கணவன். குற்றம் நடக்கும் இடம் பாழடைந்த மாளிகை அன்று, விளக்கேற்றிய வீடு. 'யார் செய்தது?' என்ற கேள்விக்கு அங்கே வேலை இல்லை. 'இந்தப் பெண் தப்புவாளா? தப்பினாலும் இவள் சொல்லை எவரேனும் நம்புவார்களா?' என்னும் இரண்டு கேள்விகளே நம்மைத் தூங்கவிடாமல் செய்கின்றன. இவ்வகை நாவல்களையும், அந்தக் கேள்விகளுக்கு விடை கூற வேண்டிய நீதிமன்றங்களையும் ஒருசேர வைத்துச் சிறிது சிந்திப்போம். அதற்கு எர்ணாகுளத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஏன் என்பதைப் பின்னர் சொல்வோம்.

முதலில் நம் தமிழ் நாவலைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் வாசகர்களைத் தம் கதைகளால் கட்டிப்போட்டவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். அவருடைய 'மேனகா' வீட்டுக்கு வீடு படிக்கப்பட்ட நாவல். 1935-ஆம் ஆண்டிலே டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க, ராஜா சாண்டோவின் இயக்கத்தில் அது பேசும் படமாகவும் வந்தது. கதைத் தலைவி மேனகா ஒரு டெப்டி கலெக்டரின் மகள். அவளை மணந்தவன் வராகசாமி, தொழிலால் வக்கீல். அவ்வீட்டில் ஆட்சி செலுத்துபவர்கள் அவனுடைய சகோதரிகள். நாத்தனார்களின் கொடுமைக்கும், குடும்ப நண்பனைப்போல் நடமாடும் சாமாவையன் என்பவனின் சூழ்ச்சிக்கும் மேனகா இரையாகிறாள். அவளை வஞ்சகமாக வீட்டினின்றும் அகற்றி, நைனா முகம்மது என்னும் செல்வனிடம் பணத்துக்கு விற்றுவிடுகிறார்கள். அங்கே அவளைக் காப்பாற்றுபவள் யார் தெரியுமா? அந்தச் செல்வனின் மனைவியாகிய நூர்ஜஹான். தன் கணவன் செய்யவிருந்த தீங்கிலிருந்து முன்பின் அறியாத ஒரு பெண்ணை மீட்கிறாள் அந்த உத்தமி.

கதையின் விறுவிறுப்பில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. மேனகா துன்புற்றது ஒரு வக்கீலின் வீட்டிலே. அவள் தந்தையோ அரசாங்க அதிகாரி. சட்டப் புத்தகங்கள் அலமாரி நிறைய அடுக்கியிருக்கும் வீடு அது. ஆயினும் அப்புத்தகங்களில் ஒன்றேனும் அவளுக்காகத் திறக்கப்படவில்லை.

அடுத்து ஆங்கில நாவல் ஒன்று. வில்கி காலின்ஸ் எழுதிய 'வெள்ளுடைப் பெண்' 1859, 1860-ஆம் ஆண்டுகளில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடர்ந்து வந்தது. இலண்டன் மாநகரமே வாரந்தோறும் அதற்காகக் காத்திருந்தது. லாரா என்னும் செல்வப் பெண், இறந்த தந்தையின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டு சர் பெர்சிவல் கிளைடு என்பவனை மணக்கிறாள். மணமான சில மாதங்களில் அவன் கடனாளி என்பது வெளிப்படுகிறது. மடித்து வைத்த ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டாமலே கையெழுத்திடச் சொல்கிறான். படிக்காமல் கையெழுத்திட மாட்டேன் என்கிறாள் லாரா. அந்த ஒரு மறுப்புத்தான் கதையின் திருப்புமுனை. பின்னர் அவளைப்போலவே உருவம் கொண்ட ஓர் ஏழைப் பெண் இறந்துபோக, இறந்தவள் லாராதான் என்று கல்லறையில் பெயர் பொறிக்கிறார்கள். உயிரோடிருக்கும் லாராவை அந்த ஏழைப் பெண்ணின் பெயரால் பைத்தியக்கார விடுதியில் அடைக்கிறார்கள். அவளுடைய பெயர், பணம், அறிவு மூன்றும் ஒரே நாளில் பறிக்கப்படுகின்றன. 'நான்தான் லாரா' என்று அவள் கூவுந்தோறும், அந்தக் கூற்றே அவளுடைய பைத்தியத்துக்குச் சான்றாகிறது!

இந்த நாவல் அமைந்த முறை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உதவுவது. கதையை ஒருவரே சொல்லவில்லை. ஓவிய ஆசிரியர், தமக்கை, வக்கீல், சமையற்காரி, மருத்துவர் என்று ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டும் சாட்சி சொல்வதுபோல் எழுதுகிறார்கள். நீதிமன்றத்தில் சொல்லப்பட வேண்டிய வழக்கு இது. பணம் படைத்தவன் பக்கமே சட்டம் சாயும் காலமாதலால், நூலின் வாயிலாகச் சொல்ல நேர்ந்தது என்பது ஆசிரியரின் குறிப்பு. கதை நடுவே வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்கும்போது, 'உங்களிடம் வழக்கே இல்லை' என்று அவர் கைவிரித்துவிடுகிறார். முடிவில் உண்மையை நிலைநாட்டுவது ஒரு தேதி. லாரா இறந்ததாக மருத்துவர் சான்று எழுதிய நாளுக்குப் பின்னர்தான் அவள் ஊரிலிருந்தே புறப்பட்டாள் என்று தெளிவாகிறது. கொடியவனாகிய கணவனோ அதற்கு முன்பே மாதாகோயிலின் ஓர் அறையில் மூண்ட தீயிலே மாண்டுபோகிறான்.

இன்னும் ஒன்று சொல்வோம். 1938-இல் பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய 'காஸ் லைட்' என்னும் நாடகம், 1944-இல் இங்கிரிட் பெர்க்மன் நடித்த படமாகப் புகழ்பெற்றது. இரவில் வீட்டு விளக்கு மங்குவதை மனைவி காண்கிறாள். 'மங்கவில்லை, உனக்குச் சித்தம் கலங்கிவிட்டது' என்று கணவன் சாதிக்கிறான். அடி இல்லை, காயம் இல்லை. ஆயினும் அவள் அறிவே நாள்தோறும் அரிக்கப்படுகிறது. அங்கேயும் வெளியிலிருந்து ஒரு போலீஸ் துப்பறிவாளர் வந்து சேர்ந்ததால்தான் அவள் பிழைக்கிறாள்.

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. மேனகாவைக் காத்தது நூர்ஜஹானின் நல்ல மனம். லாராவைக் காத்தது அவள் தமக்கையின் துணிவும் ஒரு தீவிபத்தும். மூன்றாமவளைக் காத்தது ஒரு துப்பறிவாளரின் வருகை. எல்லாம் தற்செயல்! நூர்ஜஹான் வேறு குணம் படைத்தவளாயிருந்தால் மேனகாவின் கதி என்ன? மாதாகோயிலில் தீப்பிடிக்காதிருந்தால் லாரா என்ன ஆகியிருப்பாள்? நாவலாசிரியர் நினைத்தால் தற்செயலை வரவழைக்கலாம். மட்டாஞ்சேரித் தெருவிலோ மதுரையிலோ வாழும் ஒரு பெண்ணுக்கு அதனை வரவழைப்பவர் எவர்? தற்செயலாகக் கிடைத்த விடுதலையை, கேட்டுப் பெறத்தக்க உரிமையாக ஆக்குவதுதான் சட்டத்தின் கடமை. அந்தக் கடமை எவ்வளவு மெதுவாக நிறைவேறிற்று என்பதை இனிக் காண்போம்.

காலின்ஸின் நாவல் தோன்றுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு, 1857-இல், இங்கிலாந்தில் திருமண வழக்குச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. மனைவி ஒழுக்கம் தவறினாள் என்று கணவன் மெய்ப்பித்தால் போதும், மணமுறிவு கிடைக்கும். மனைவி கேட்டால் அது போதாது. கணவன் ஒழுக்கம் தவறியதோடு, அவளைக் கொடுமைப்படுத்தினான் என்றோ இரண்டாண்டுகள் கைவிட்டான் என்றோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். எவ்வளவு அடித்தாலும் அடி மட்டும் காரணமாகாது! இந்த ஏற்றத்தாழ்வு 1869-ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டமாகக் கடல் கடந்து நம் நாட்டுக் கிறிஸ்தவர்களிடம் வந்தது. இங்கிலாந்து 1923-இல் ஒழுக்கக் கேட்டைப் பொறுத்தவரை கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நீதி என்று ஆக்கிக்கொண்டது. 1937-இல் கொடுமை ஒன்றே மணமுறிவுக்குப் போதிய காரணம் என்றும் ஏற்றது. தாய்ச் சட்டம் திருந்திய பின்னரும் சேய்ச் சட்டம் இங்கே திருந்தவில்லை.

கொச்சியின் பூகோளமே இந்த வரலாற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு. சுதந்திரம் வரும்வரையில் ஃபோர்ட் கொச்சி, மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் பூமி. அதையொட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் நாடு. சில தெருக்கள் நடந்தால் ஆட்சி மாறும், சட்டமும் மாறும். 1967-ஆம் ஆண்டு நவம்பரில் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய மூன்று நகரசபைகளும் ஒன்றாகிக் கொச்சி மாநகராட்சி பிறந்தது. ஊர் ஒன்றாயிற்று, ஆனால் மனைவியரின் உரிமை ஒன்றாகவில்லை.

1970-ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மட்டாஞ்சேரியில் ஒரே சந்தில் அடுத்தடுத்து மூன்று வீடுகள். மூன்று வீட்டிலும் இரவில் ஒரே விதமான அழுகுரல். முதல் வீட்டு முஸ்லிம் பெண்ணுக்கு 1939-ஆம் ஆண்டின் சட்டம் துணை. கணவன் வழக்கமாக அடித்தாலும், உடலைத் தொடாமலே நடத்தையால் வாழ்வைத் துன்பமயமாக்கினாலும் அவள் மணத்தை முறிக்கக் கோரலாம். நடு வீட்டிலே ஒரு தமிழ் இந்துப் பெண். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், கொடுமைக்காக நீதிமன்ற ஆணை பெற்றுப் பிரிந்து வாழ மட்டுமே அவளுக்கு இடம் தந்தது. அந்த ஆணைக்குப் பின்னும் இரண்டாண்டுகள் காத்திருந்துதான் மணமுறிவு கேட்க முடியும். கொடுமை நேரடியாக மணமுறிவுக்குக் காரணமானது 1976-ஆம் ஆண்டின் திருத்தத்தால். மூன்றாம் வீட்டுக் கிறிஸ்தவப் பெண்ணும் பிரிந்து வாழும் ஆணை பெறலாம். ஆனால் கணவனின் கூடா ஒழுக்கத்தையும் சேர்த்து மெய்ப்பித்தாலன்றி அவளுக்கு மணமுறிவு இல்லை. உயிருள்ளவரை அவள் அவனுடைய மனைவியே. அழுகுரல் ஒன்று; சட்டமோ மூன்று!

இனி எர்ணாகுளத்தைப்பற்றிச் சொல்வோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உதயமானபோது, அதன் உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்திலே, ராம் மோகன் அரண்மனையில் அமைந்தது. அந்த நீதிமன்றத்தின் வாயிலுக்கு, கொடுமையும் கைவிடலும் தாங்க முடியாத கிறிஸ்தவ மனைவியர் வந்தனர். அவர்கள் கேட்டது பெரிய சலுகையன்று. 'நாங்கள் அடிபட்டது உண்மையானால், அது மட்டும் ஏன் போதாது?' என்பதே அவர்களுடைய கேள்வி. சட்டக் கமிஷன் 1983-ஆம் ஆண்டிலேயே தன் 90-ஆம் அறிக்கையில் அச்சட்டத்தின் பத்தாம் பிரிவைத் திருத்துமாறு கூறியிருந்தது. பாராளுமன்றம் திருத்தவில்லை.

1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் தீர்ப்பு வழங்கியது. கொடுமைக்கும் கைவிடலுக்கும் முன்னால், 'கூடா ஒழுக்கத்தோடு கூடிய' என்னும் பொருளில் நின்ற சில சொற்களை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று அது நீக்கியது. சமத்துவம் கூறும் 14-ஆம் விதி, பாகுபாட்டை விலக்கும் 15-ஆம் விதி, மானத்தோடு வாழும் உயிருரிமை கூறும் 21-ஆம் விதி ஆகிய மூன்றும் அத்தீர்ப்புக்குத் துணைநின்றன. 126 ஆண்டுகள் நின்ற சொற்கள் அவை. 1997-இல் பம்பாய் உயர்நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. 2001-இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி, கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே வகைக் காரணங்களை வகுத்தது. இலண்டனில் எழுந்த ஓர் அநீதி எர்ணாகுளத்தில் ஓய்ந்தது எனலாம். லாராவின் வக்கீல் 'வழக்கே இல்லை' என்று கைவிரித்தார். மட்டாஞ்சேரியின் மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு 1995-க்குப் பின் வழக்கு உண்டு.

வழக்கு உண்டு, சரி. அதனை மெய்ப்பிப்பது எப்படி? வீட்டுக் கொடுமை பூட்டிய கதவுக்குள் நடப்பது. அங்கே அடித்தவனும் அடிபட்டவளும்தான் சாட்சிகள். சில சமயம் விழித்துக்கொண்ட குழந்தை. துப்பறியும் நாவலில் ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிறுவுவார்கள். மண வழக்கில் அவ்வளவு கடுமையான அளவுகோல் வேண்டியதில்லை என்று 1975-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இருபக்கச் செய்திகளையும் சீர்தூக்கி, எது நிகழ்ந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்று கண்டால் போதும்.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. குடும்ப நீதிமன்றத்திலே வழக்கை மூடிய அறையில் விசாரிக்குமாறு இரு தரப்பில் ஒருவர் கேட்டாலும் அவ்வாறே விசாரிக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது. கட்சிக்காரரே நேரில் பேசலாம். பிணக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதும் எந்த அறிக்கையையும், எந்தப் பத்திரத்தையும், சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்களுக்குக் கட்டுப்படாமலே அவர் ஏற்கலாம். மருத்துவமனைச் சீட்டு, தாய்க்கு எழுதிய கடிதம், பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையை அழைத்துச்சென்ற நாளின் குறிப்பு, இவையெல்லாம் பேசலாம். காலின்ஸின் நாவலில் ஒரு தேதி ஒரு பெண்ணின் பெயரை மீட்டதல்லவா? குடும்ப நீதிமன்றத்திலும் நாள் குறித்து வைத்தவளின் சொல்லுக்கு வலிமை மிகுதி.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சமரசம் செய்துவைக்க முயல வேண்டும் என்பது குடும்ப நீதிமன்றத்தின் கடமைகளில் ஒன்று. நல்ல கடமைதான். கோபத்தாலும் கடனாலும் உறவினர் தூண்டுதலாலும் பிரிந்த எத்தனையோ தம்பதிகளைச் சமரசம் சேர்த்துவைக்கும். ஆயினும் சமரசம் என்ற பெயரால், அடிக்குப் பயந்து ஓடிவந்தவளை அந்த அடிக்கே திருப்பி அனுப்பிவிடக்கூடாது. 'கல்லானாலும் கணவன்' என்றும், 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்றும் பழமொழி சொல்லி அனுப்பிவைப்பவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அணைக்கும் கை அடிக்க வேண்டிய தேவை என்ன என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

மணமுறிவு வேண்டாம், பாதுகாப்பு மட்டும் வேண்டும் என்று கேட்கும் பெண்களும் உண்டு. பல்லாண்டுகளாக அவர்களுக்குச் சட்டத்தில் தனி வழி இல்லை. 1983-இல் குற்றவியல் சட்டத்தில் 498-அ பிரிவு சேர்ந்தது. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமை தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 85, 86-ஆம் பிரிவுகள் அதன் இடத்தில் நிற்கின்றன. ஆனால் கணவனைச் சிறைக்கு அனுப்புவதா, வாய்மூடிப் பொறுப்பதா என்ற இரண்டு வழிகளுக்கு நடுவே மூன்றாவது வழியைத் திறந்தது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. உடலை வருத்துவது மட்டுமன்றி, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வருத்துவது, பணத்தையும் பொருளையும் பறிப்பது அல்லது தர மறுப்பது ஆகியவையும் வன்முறையே என்று அச்சட்டம் கூறுகிறது. மடித்த பத்திரத்தில் கையெழுத்துக் கேட்ட சர் பெர்சிவலும், மங்கிய விளக்கை மங்கவில்லை என்று சாதித்த கணவனும் இன்று அச்சட்டத்தின் பார்வைக்குத் தப்ப முடியாது.

மேனகாவின் கதையை இந்தச் சட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பார்ப்போமே. அவளை வாட்டியவர்கள் நாத்தனார்கள். முதலில் இச்சட்டத்தின்கீழ் வயது வந்த ஆண்மீதுதான் பொதுவாக முறையிட முடியும் என்று இருந்தது. 2016-இல் உச்சநீதிமன்றம் அந்தச் சொற்களை நீக்கியது; இன்று மேனகா தன் நாத்தனார்கள்மீதும் முறையிடலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும், மனைவியாக அவள் வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும் அவ்வுரிமை பொருந்தும் என்று 2020-இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. வஞ்சகமாக வீட்டைவிட்டு அகற்றப்பட்டவள், தலைநிமிர்ந்து அதே வாசற்படியில் ஏறுவதற்கு வழி பிறந்திருக்கிறது.

இங்கே சில நேயர்களின் மனத்தில் ஒரு கேள்வி எழலாம். 'குற்றம் சாட்டுகிறவள் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடுமா? பொய் வழக்குகளும் இல்லையா?' நியாயமான கேள்வி. நல்ல துப்பறிவாளர் எவரையும் முன்கூட்டியே குற்றவாளியாக்குவதில்லை. நல்ல நீதிபதியும் அப்படியே. ஏழாண்டுவரை தண்டனைக்குரிய வழக்குகளில், இந்த 498-அ வழக்கு உள்பட, காரணத்தை ஆராயாமல் இயந்திரம்போல் கைது செய்யக்கூடாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் போலீசாருக்கும் நீதிபதிகளுக்கும் கட்டளையிட்டது. கணவனின் சொல்லையும் கேட்டே தீர்ப்புக் கூற வேண்டும். ஆனால், ஆராய்ந்த பின் நம்பாமலிருப்பது வேறு. ஆராயாமலே நம்ப மறுப்பது வேறு. ஒரு பெண் வாய் திறந்தவுடனேயே 'இவள் கதை கட்டுகிறாள்' என்று முடிவுசெய்வது, லாராவைப் பைத்தியக்கார விடுதியில் வைத்துப் பூட்டியவர்கள் செய்த காரியம்.

சட்டம் இவ்வளவு வளர்ந்துவிட்டபின், அந்த மர்ம நாவலின் பதைபதைப்பு ஓய்ந்துவிட்டதா? ஓயவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் கணவனால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவர்கள். இவர்களுள் நீதிமன்றப் படி ஏறுபவர்கள் மிகச் சிலர். ஏறுபவர்களுக்குக் காலம் எதிரியாகிறது. 2005-ஆம் ஆண்டின் சட்டம், மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை தொடங்க வேண்டும் என்றும், முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் கூறுகிறது. ஏட்டிலே மூன்று நாள், அறுபது நாள். நடப்பில் வாய்தாமேல் வாய்தா. நாவலில் ஒரு பக்கத்தைத் திருப்பினால் ஆறு மாதம் கடந்துவிடும். கைக்குழந்தையுடன் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பவளுக்கு அந்த ஆறு மாதத்தின் ஒவ்வோர் இரவும் தனித்தனியே கழிய வேண்டும். இன்றைக்கு அவள் எங்கே உறங்குவாள், குழந்தை நாளை எந்தப் பள்ளிக்குப் போகும், அவன் வாசலில் வந்து நிற்பானா, இவைதாம் இக்காலத்து மர்ம நாவலின் அத்தியாயங்கள். தாமதமும் ஒரு கொடுமை என்பதை உணர்ந்து செயல்பட வேண்டியது நீதிமன்றங்களின் பொறுப்பு. போதிய நீதிபதிகளையும் பாதுகாப்பு அலுவலர்களையும் அமர்த்த வேண்டியது அரசாங்கங்களின் பொறுப்பு.

நம் பொறுப்பு ஒன்றும் இல்லையா? உண்டு. நூர்ஜஹானை மறந்துவிட வேண்டாம். அவள் நாவலாசிரியரின் கற்பனை. ஆயினும் சட்டம் அவளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. குடும்ப வன்முறை நடந்தது அல்லது நடக்கக்கூடும் என்று நம்புகிற எவரும், அடிபட்டவளே அல்லாத வேறு எவரும், பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது அதற்காக வழக்குத் தொடர முடியாது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 181 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உரியது என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகிறது. அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டி வரும் அழுகுரலை 'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்று சொல்லி நாம் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, அந்தப் பெண்ணின் வாழ்வில் வரக்கூடிய ஒரே நல்ல தற்செயலையும் நாமே தடுத்துவிடுகிறோம்.

'மேனகா'வையும் 'வெள்ளுடைப் பெண்'ணையும் படிக்காதவர்கள் தேடிப் படிக்க வேண்டும். கதைச் சுவைக்காகவும் படிக்கலாம். நம் பாட்டிமாரும் அவர்களுடைய பாட்டிமாரும் எத்தகைய இருளில் வாழ்ந்தார்கள் என்று அறிவதற்காகவும் படிக்கலாம். படித்து முடித்தபின், நம் தெருவில் விளக்கு மங்கும் வீடு எதுவென்று ஒருமுறை வெளியே வந்து பார்ப்போமானால், அந்த நாவலாசிரியர்கள் எழுதியதற்குப் பயன் உண்டு.